ஏழாவது ஆரோக்கியசாலி

அந்த ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் அக்காதான். அவளைவிடப் பதினைந்து வயது மூத்த பேராசிரியர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். அவர் எண்டோமெட்ரியோசிஸில் பெரிய புள்ளி. கர்ப்பப்பைக்குள் இருக்கவேண்டிய சவ்வு வழிதவறி வயிற்றுக்குள் போய்க் குடியேறி, மாதாமாதம் உயிரை வாங்கும் நோய் அது. 'பெண்களின் வலியை யார் நம்புகிறார்கள்?' என்று அவர் உருகாத மேடை இல்லை.

அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு லீவு கேட்டால் மட்டும், "ஒரு மாத்திரையைப் போட்டுட்டு வந்துடுங்கக்கா, இன்னிக்கு சாம்பிள் வருது" என்பார். அவளும் வெந்நீர்ப் பையை இடுப்பில் கட்டி, மேலே வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு வந்து, மற்ற பெண்களின் வயிற்று நீரில் வெள்ளை அணுக்களை எண்ணுவாள். தனக்கும் இதுவாக இருக்குமோ என்று தோன்றாமல் இல்லை. ஆனால் இளவயதில் பார்த்த டாக்டர், கல்யாணமானால் சரியாகிவிடும் என்றார். பிறகு பார்த்தவர் பிள்ளை பெற்றால் போதும் என்றார். இரண்டு பெற்ற பிறகும் போகாத வலியைத் தூக்கிக்கொண்டு இன்னொருவரிடம் போனால், "மனசுல ஏதாவது கவலை இருக்கா?" என்று கேட்டார். அதோடு டாக்டர்களுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டாள்.

கணவன் பஸ் டிரைவர். மலைப்பாதையில் ஒற்றைக் கையால் வளைத்து ஓட்டுவான். குடும்பக்கட்டுப்பாடு என்றதும், "எனக்குக் கத்தின்னா ஆகாதுடி" என்று கையை விரித்துவிட்டான். ஆகவே அவளே ஆபரேஷனுக்குப் பேர் கொடுத்தாள். விஷயம் தெரிந்ததும் பேராசிரியருக்கு வாயெல்லாம் பல். நோயாளிகளோடு ஒப்பிட ஆரோக்கியமான பெண்களின் வயிற்று நீர் தேவைப்பட்டது. ஆறு பேருக்குமேல் அகப்படவில்லை.

"ஆபரேஷன் பண்றப்பவே வயித்துலேர்ந்து ரெண்டு ஸ்பூன் தண்ணி எடுத்தா உங்களுக்கு ஒண்ணும் குறைஞ்சிடாதுக்கா."

படிவத்தில் 'மாதவிடாய் வலி உண்டா?' என்ற இடத்தில் அவள் பேனா நின்றது.

"எல்லாருக்கும் இருக்கிறதுதானே, 'இல்லை'ன்னு போடுங்க" என்றார்.

போட்டாள்.

ஆபரேஷன் முடிந்து வேலைக்குத் திரும்பியதும், உறைபெட்டியிலிருந்த ஏழாம் எண் குழாயை அவளே எடுத்தாள். பெயர் இல்லைதான்; ஆனால் அந்த வாரம் வந்தது ஒரே ஒரு குழாய். எண்ணினாள். மற்ற ஆறு பேரைப்போல் மூன்று மடங்கு. மறுபடி எண்ணினாள். அதேதான். அதுவும் வெறும் கூட்டமில்லை. வழிதவறி வந்த சவ்வை விழுங்கித் தீர்க்கவேண்டிய அணுக்கள், விழுங்குவதை விட்டுவிட்டு, அதற்கு ரத்தக்குழாயும் நரம்பும் வளர உதவி செய்துகொண்டிருக்கும் ரகம். நோயாளிகளின் குழாய்களில் பன்னிரண்டு வருஷமாக அவள் பார்த்த அதே ரகம்.

"அடப்பாவிகளா! என் சோத்தைத் தின்னுட்டு யாருக்கு வேலை பாக்குறீங்க?" என்றாள் மைக்ராஸ்கோப்பில் இருந்த கண்ணாடிச் சில்லைப் பார்த்து.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் பேராசிரியர் திரையிலிருந்த வரைபடத்தைக் காட்டிக் குதித்தார். "யாரு இந்த ஏழு? ஆறு பேர் ஒழுங்கா கீழ இருக்காங்க, இது மட்டும் மேல போய் உக்காந்திருக்கு! எண்ணினதுல தப்பு."

"ரெண்டு தடவை எண்ணினேன் சார்."

"அப்ப குழாய் மாறியிருக்கும்."

"மாறல. ஏழு நான்தான் சார்."

ஆராய்ச்சி மாணவி சிரிப்பை இருமலாக மாற்றினாள்.

"உங்களுக்கு... வலி இருக்கா?"

"மாசம் ரெண்டு நாள் லீவு கேக்கிறேனே சார், காசிக்குப் போகவா கேக்கிறேன்?"

அவர் முகம் செத்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். "எண்ணிக்கையை வச்சு முடிவு பண்ண முடியாது, கண்ணால பாக்கணும்" என்று முனகிக்கொண்டே அறுவை நிபுணருக்குப் போன் போட்டார்.

ஆபரேஷன் வீடியோ இருந்தது. கர்ப்பப்பைக்குப் பின்னால் கருஞ்சிவப்பாய்ப் புள்ளிகள், மிளகைக் கொட்டிவிட்டாற்போல.

"நான் கருக்குழாயைக் கட்டத்தான் போனேன், பின்னாடி எதுக்குப் பாக்கப் போறேன்?" என்றார் நிபுணர்.

அக்காவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. கழிவறைக்குப் போய்த் தாழ் போட்டதும் அழுகை வந்தது. நோய் இருக்கிறதே என்று இல்லை. இருபத்தைந்து வருஷமாக, தனக்குத்தான் தாங்கும் சக்தி போதவில்லை என்று தன்னையே திட்டிக்கொண்டிருந்தாளே, அதற்கு.

இரண்டாம் ஆபரேஷனுக்குக் கணவன் லீவு போட்டுக் கூடவே வந்தான். அவளுக்கு ஊசி குத்தும்போது அவன் மயங்கி விழுந்தான். நர்ஸ்கள் அவனைப் பார்ப்பதா இவளைப் பார்ப்பதா என்று திண்டாடினார்கள். புள்ளிகளை எடுத்த நிபுணர், "திரும்ப வரலாம், வராமலும் போகலாம்" என்றார். அந்த மட்டும் உண்மை சொன்னாரே என்றிருந்தது அவளுக்கு. பேராசிரியர் ஆரஞ்சுப் பழங்களோடு வந்து, எப்படி மன்னிப்புக் கேட்பது என்று தெரியாமல், அவற்றையெல்லாம் தானே உரித்து வைத்துவிட்டுப் போனார்.

மூன்றாம் மாதம் வலி வந்தது. 'இன்று வரமாட்டேன்' என்று ஒற்றை வரி அனுப்பிவிட்டுப் படுத்தாள். மதியத்துக்குள் வலி போயே போய்விட்டது. இப்படி ஒரு அரை நாள் சும்மா கையில் கிடைத்ததே இல்லை. என்ன செய்வதென்றும் புரியவில்லை. சேலையை மாற்றிக்கொண்டு தனியாக சினிமாவுக்குப் போனாள். படம் படு மோசம். பக்கத்து வரிசையில் நாலு பேர் எழுந்தே போய்விட்டார்கள். அக்கா காலை நீட்டிக்கொண்டு கடைசிவரை உட்கார்ந்து பார்த்தாள்.