விரிசலுக்குக் குறுக்கே

சமையலறைத் தரையைத் துடைத்துத் துணியைப் பிழிந்தால் டீத்தண்ணி நிறத்தில் வடியும். "சேறுடி" என்பார் என் வீட்டுக்காரர். இத்தனை வருஷம் துணி பிழிந்த கைக்குத் தெரியாதா? சேறு என்றால் விரலில் நறநறக்கும். இது நறநறக்கவில்லை. துரு.

எங்கள் தெருவுக்கு அடியில் ஓர் ஓடை ஓடுகிறது. இப்போது சொன்னால், வங்கியும் பேருந்து நிறுத்தமும் இருக்கிற இடத்தில் ஓடையாவது ஒன்றாவது என்று சிரிக்கிறார்கள். நான் கல்யாணமாகி வந்தபோது அது வெளியில்தான் ஓடிக்கொண்டிருந்தது. தெளிந்த தண்ணீரில் மீன் துள்ளியது என்றெல்லாம் நினைத்துக்கொள்ளாதீர்கள். மேற்கே ஒரு சாயப்பட்டறை இருந்தது. அவர்கள் சிவப்பு முக்கினால் ஓடை சிவப்பு, நீலம் முக்கினால் நீலம். "இன்னைக்கு என்ன கலரு?" என்று கேட்டுக்கொண்டுதான் பக்கத்து வீட்டுக்காரி துணி மூட்டையை எடுப்பாள். பிறகு பட்டறை போயிற்று, குப்பை வந்தது, கொசு வந்தது, ஒரு கோடையில் வீட்டுக்கு வீடு காய்ச்சல் வந்தது. மூடித் தொலையுங்கள் என்று தெருவே திரண்டு போய் முறையிட்டது. இடுப்பில் பிள்ளையோடு நானும்தான் போனேன்.

மூடினார்கள். அந்தக் கான்கிரீட் மூடிக்குக் கம்பி கட்டியவர்களில் என் வீட்டுக்காரரும் ஒருவர். கம்பி முறுக்குகிற கொக்கி எந்நேரமும் கையில் இருக்கும் என்பதால் அவருக்குப் பேரே 'கொக்கி'. மூடிய இடத்தை மனை போட்டு மலிவாக விற்றபோது எல்லாரும் தயங்கினார்கள், இவர் முந்திக்கொண்டு வாங்கினார். "நான் கட்டின கம்பிடி. ஆனை வந்து உருண்டாலும் அசையாது" என்றார்.

ஆனை வரவில்லை, லாரி வந்தது. வீடு கொஞ்சம் கொஞ்சமாக ஒரு பக்கம் சாய்ந்தது. கைதவறி விழுந்த வெங்காயமெல்லாம் உருண்டு ஒரே மூலைக்குப் போகும்; தேடுகிற வேலை மிச்சம் என்று சிரித்துக் காலம் தள்ளினேன். சமையலறைச் சுவர் மேலிருந்து கீழ்வரை பிளந்தபோதுதான் சிரிப்பு நின்றது.

மாநகராட்சி இன்ஜினியர் வந்தார். என் மகளைவிடச் சின்ன வயசு. விரல் நீளத்துக்கு ஒரு கண்ணாடித் துண்டை விரிசலுக்குக் குறுக்கே வைத்து, இரண்டு முனையிலும் சிமெண்ட் அப்பினார்.

"சுவர் அசைஞ்சா இது உடைஞ்சிடும்மா. உடைஞ்சிருந்தா வீட்டைக் காலி பண்ணித்தான் ஆகணும்."

"உடையலேன்னா?" என்றார் இவர்.

"இருங்க ஐயா. மழை முடிஞ்சதும் வந்து பாக்கறேன்."

அன்றிலிருந்து அந்தக் கண்ணாடிதான் எங்கள் வீட்டில் மூன்றாவது ஆள். மகள் தன் வீட்டில் எங்களுக்காக ஓர் அறையை ஒழித்து வைத்திருக்கிறாள். மாடி, தரை காய்ந்திருக்கும். எனக்கு அது போதும். குனிந்து குனிந்து துடைத்து இடுப்பு விட்டுப்போயிற்று. நீங்க வேணா இங்கேயே கிடங்க, நான் போறேன் என்று வாய்வரைக்கும் வரும். இந்த மனுஷனை எப்படி விட்டுவிட்டுப் போவது? கரண்டியால் கண்ணாடியை ஒரு தட்டுத் தட்டினால் போதும்தான். கை எழவில்லை. தானாக உடையட்டும் என்று இருந்தேன்.

மழை பெய்தது. தரைக்கு அடியில் யாரோ விடாமல் வாய் கொப்பளிப்பதுபோலச் சத்தம். விரிசலுக்குள் என் சுண்டுவிரல் நுழைந்தது. கண்ணாடியில் மட்டும் ஒரு கீறல் இல்லை. என்ன அதிசயமோ என்று இருந்துவிட்டேன்.

மழை விட்டு வெயில் அடித்த ஒரு மத்தியானம், மருந்துக்கடை பூட்டியிருந்ததால் உடனே திரும்பினேன். இவர் ஸ்டூல் மேல் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் சிமெண்ட் கிண்ணம். கீழே தாளில் உடைந்த துண்டுகள். பக்கத்திலேயே, அளவாக வெட்டிய புதுக் கண்ணாடிகள் இன்னும் சில.

"இறங்குங்க முதல்ல."

"சும்மா இரு. ஆடுது பாரு."

சாய்ந்த தரையில் ஸ்டூல் ஆடாமல் என்ன செய்யும்? கத்த வந்தவள் போய்ப் பிடித்துக்கொண்டேன்.

"இது எத்தனாவது?"

புதுக் கண்ணாடியை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். "மூணாவது."

"எதுக்குங்க இந்தப் பாடு?"

"உடைஞ்சா என்னடி அர்த்தம்? நான் கட்டினது போச்சுன்னு அர்த்தம்."

"எனக்கு முட்டி போச்சு, உங்களுக்குப் பல்லு போச்சு. கம்பிக்கு மட்டும் வயசாகாதா?"

"அந்த மாடியில போயி நான் என்ன பண்ணுவேன்?"

"இங்க மட்டும் என்ன பண்றீங்க? கண்ணாடி ஒட்டறீங்க."

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் ஸ்டூல் இன்னும் ஆடியது. அப்போதுதான் வாசற்கதவைத் தட்டினார்கள்.

"அம்மா, இன்ஜினியர் வந்திருக்கேன்."

இவர் குரலைத் தாழ்த்தினார். "கொஞ்சம் நிக்கச் சொல்லு. இப்ப காஞ்சிடும்." நான் அசையவில்லை. "சொல்லும்மா" என்றார். என்னை அவர் 'அம்மா' போட்டுக் கூப்பிட்டதே இல்லை.

தரையைப் பார்த்தேன். காலையில் துடைத்த இடத்தில் மறுபடி ஊறியிருந்தது.

"கதவு சும்மாதான் சாத்தியிருக்கு தம்பி" என்றேன், வாசல்வரை கேட்கிற மாதிரி. "தள்ளிக்கிட்டு உள்ள வாங்க."

இவர் திரும்பிப் பார்க்கவில்லை. கட்டைவிரலைக் கண்ணாடியிலிருந்து எடுக்கவும் இல்லை. கூடத்து ஈரத்தரையில் காலடிச் சத்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஸ்டூல் கிடுகிடுவென்று ஆடியது; தரையால் அல்ல, அவர் காலால். இரண்டு கையாலும் அதை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றேன்.