குமுறலில் கால் பங்கு

தம்பி கருப்புப் பிசினைக் கிண்ணத்தில் கலக்கிக்கொண்டிருந்தான். மேசையில் மூடி கழற்றிய அலுமினியப் பெட்டிகள் காத்திருந்தன. ஒவ்வொன்றின் வயிற்றுக்குள்ளும் ஈயக்கா காலையிலிருந்து முதுகு ஒடியக் குனிந்து பற்றவைத்த சர்க்யூட் பலகை. அவன் ஊற்ற ஊற்ற, கம்பிகளும் அவள் வைத்த மினுமினுப்பான ஈயப் பொட்டுகளும் தார் பூசினாற்போல் மறைந்துபோயின. யாரும் திறந்து பார்த்துக் காப்பியடித்துவிடக் கூடாதென்று அவன் கண்டுபிடித்த ஏற்பாடு அது. அந்த நேரம் மட்டும் அவள் கை கழுவும் சாக்கில் எழுந்துபோய்விடுவாள்.

ஈயக்கா என்பது கிடார் வாசிப்பவர்கள் வைத்த பெயர். உள்ளே ஈயம் வைப்பது அவள். வெளியே வண்ணம் அடிப்பது, விற்பது, வாய் பேசுவதெல்லாம் தம்பி. காலால் ஒரு மிதி மிதித்தால் கிடாரின் குரலைக் கரகரவென்று முரடாக்கும் அந்தப் பெடல் பெட்டிக்குக் ‘குமுறல்’ என்று பெயர் வைத்தவனும், பெட்டியின் மேல் ‘முழுக்க முழுக்க அக்காவின் சொந்த வடிவமைப்பு’ என்று அச்சடித்தவனும் அவன்தான். “முழுக்கன்னு ஒரு தடவை போதாதாடா?” என்று கேட்டதோடு அவள் விட்டுவிட்டாள். சொல்லும்போது அவன் முகத்தில் இருந்த பெருமையைக் கலைக்க மனம் வரவில்லை.

பிசின் யாரையும் தடுக்கவில்லை. ஏதோ ஒரு தொழிற்சாலை ‘உறுமல்’ என்று ஒன்றை இறக்கியது. அதே குமிழ்கள், அதே நீலம். விலை மட்டும் பாதியிலும் பாதி. தம்பி கொதித்துப்போய், “எங்க அக்காவோட மூளையத் திருடிட்டாங்க” என்று வீடியோ போட்டான். ஊரே அவர்களுக்காகக் கோபப்பட்டது. அந்தக் கோபம் ஆறுவதற்குள், பெடல்களை அலசி ஆராய்ந்து வீடியோ போடும் தாடிக்காரர் ஒரு குமுறலை வாங்கி, பிசினைக் கரைத்து, உள்ளே இருந்ததைப் படம் வரைந்தே காட்டிவிட்டார்.

“முக்கால்வாசி பழைய சர்க்யூட்டுங்க. நம்ம அப்பா காலத்துலேர்ந்து எல்லார் கையிலயும் இருக்கறது. காப்பியடிச்சவங்களக் காப்பியடிச்சிருக்காங்க. இதுல யாருக்காக நாம அழறது?”

சிரித்தவர்கள் சிரித்தார்கள். வாங்கியவர்கள் திருப்பியனுப்பத் தொடங்கினார்கள்.

“அவன் காட்டினது நம்ம பெடலே இல்லைன்னு சொல்லிடலாம்க்கா,” என்றான் தம்பி.

“நம்மதுதானே?”

“உன்னைக் காப்பாத்தத்தான்க்கா நான் இவ்வளவும் பண்றேன்.”

“என்னை மூடி மூடி வெச்சுதான் காப்பாத்தணுமா?”

அவன் முகம் சுண்டிவிட்டது. அவளுக்கும் சுருக்கென்றது. ஆனாலும் அவளை அறுத்துக்கொண்டிருந்தது திருட்டு என்ற சொல் இல்லை. முக்கால்வாசி பழசு என்று அந்த மனிதர் சொன்னதும் சரிதான். மிச்சம் இருந்த கால்வாசியைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னாரா? அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

இதற்கு முன்பு அவள் காதுக்கருவி பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்தவள். வருகிற பெரியவர்கள் எல்லோரும் ஒரே குறையைத்தான் சொல்வார்கள்: சத்தம் கேக்குது, பேச்சு கேக்கலை. சொற்களைக் கூர்மையாக்குகிற மெல்லிய ஒலிகளைப் பெரிய சத்தம் விழுங்கிவிடுகிறது என்பதை அவள் அங்கேதான் புரிந்துகொண்டாள். பழைய சர்க்யூட்டிலும் அதே கோளாறு. மென்மையாக வாசித்தால் கம்பளிக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருக்கும். அந்த மெல்லிய ஒலிகள் இரைச்சலில் சிக்காமல் தனியாகக் கடந்துபோக ஒரு சந்து வெட்டினாள். குமுறலில் அவளுடையது அந்தச் சந்துதான்.

ஞாயிறு மாலை, இசைக்குழுக்கள் ஒத்திகை பார்க்கும் கூடத்துக்குப் பிசின் ஊற்றாத ஒரு குமுறலையும், பழைய சர்க்யூட்டை அப்படியே செய்த இன்னொரு பெட்டியையும் எடுத்துக்கொண்டு போனாள். தாடிக்காரரை அவளே போன் செய்து வரச்சொல்லியிருந்தாள். பத்துப் பதினைந்து பேர் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள். தம்பி வாசலோரமாகவே நின்றுகொண்டான்.

மருத்துவமனையில் நர்ஸாக இருக்கும் பெண்ணொருத்தி கிடாரை மாட்டிக்கொண்டாள். முதலில் பழையது, பிறகு குமுறல். பலமாக வாசித்தபோது இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. விரலை இளக்கி மெதுவாக வருடினாள். பழையது மங்கியது. குமுறலில் ஒவ்வொரு தந்தியும் தனித்தனியே பேசியது.

தாடிக்காரர் கண்ணை மூடி, “இன்னொரு தடவை வாசிங்க,” என்றார். கேட்டு முடித்து, “வித்தியாசம் இருக்கு. நான் கவனிக்கலை. ஆனா மேல முழுக்க முழுக்கன்னு எழுதியிருக்கே?” என்று கேட்டார்.

“அது தப்பு. இனிமே இருக்காது. முக்கால் பங்கு முன்னாடி இருந்தவங்க போட்டது. கும்பிட்டுத்தான் எடுத்துக்கிட்டேன். கால் என்னோடது. அதை யாராவது குறைச்சுச் சொன்னா சும்மா விடமாட்டேன்.”

“சரி. உறுமல்லயும் இதே தெளிவு இருக்கே?”

நர்ஸ் தயங்கித் தயங்கித் தன் பையிலிருந்து ஒரு நீலப் பெட்டியை எடுத்தாள். “என்கிட்ட இருக்குக்கா. குமுறல் நம்ம சம்பளத்துக்கு...” என்று இழுத்தாள்.

“அதுக்கென்னம்மா, கொடு.”

ஈயக்கா திருகாணிகளைக் கழற்றி மூடியைத் திறந்தாள். பலகையில் செம்புக் கோடாக அவளுடைய சந்து அப்படியே ஓடியது. நடுவில் ஓரிடத்தில், எதுவுமே இல்லாத வெற்றிடத்தைச் சுற்றி வளைந்து, மறுபடி நேராகப் போனது. குமுறலில் அந்த இடத்தில் பெட்டியைத் தாங்கும் தூண் ஒன்று உண்டு. உறுமலில் தூண் இல்லை.

“இல்லாத தூணுக்கு வழிவிட்டுப் போறாங்க பாருங்க!” என்று அவள் சிரித்துவிட்டாள். தாடிக்காரர் எட்டிப் பார்த்து, அவரும் சிரித்தார்.

தம்பி ஓடிவந்து போனைத் தூக்கினான். “இது போதும்க்கா! கோர்ட்டுக்கே போகலாம்!”

அவள் அந்த வளைவை விரலால் தடவினாள். ஏன் வளைகிறது என்று தெரியாமல், தொட்டால் கெட்டுவிடுமோ என்று பயந்து, ஒரு மயிரிழைகூட மாற்றாமல் விட்டிருக்கிறார்கள். தன் கைவேலைக்கு முன் முகம் தெரியாத யாரோ கையைக் கட்டிக்கொண்டு நின்ற மாதிரி இருந்தது அவளுக்கு. நெஞ்சு நிமிர்ந்தது. மறுநொடியே முகம் சுளித்தாள்.

“சே, ஈயம் வெச்சிருக்கற லட்சணத்தப் பாரு! நாலு நாள்ல விட்டுப்போகும். என்னோட கால்வாசியை இப்படியா பத்தவைப்பாங்க?”

கூடத்துக்காரரிடம் பற்றவைக்கும் கம்பி இருந்தது. வாங்கிச் சூடேற்றிக்கொண்டு உறுமலின் மேல் குனிந்தாள். நர்ஸ் விளக்கைத் திருப்பிப் பிடித்தாள். தம்பி படம் எடுத்தானா, இல்லையா, யாரும் கவனிக்கவில்லை. கம்பி தொட்ட இடத்தில் ஈயம் உருகி, ஒரு துளியாகத் திரண்டு பளபளத்தது. மெல்லிய புகை அவள் முகத்தைத் தாண்டி மேலே போனது. அவள் பார்க்காமலேயே கையை நீட்டினாள். கழற்றிய திருகாணிகளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, போனைக் கக்கத்தில் இடுக்கியபடி, தம்பி பக்கத்தில் நின்றிருந்தான்.