நீல ஒயரும் கண்ணாடிக் கூடும்

என் தங்கையின் தொண்டையில் ஒரு குறையும் கிடையாது. வீட்டில் அவள் பாட ஆரம்பித்தால் பக்கத்து வீட்டுக்காரர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துக்கொள்வார். மேடையில்தான் பிரச்சினை. பாட்டு உச்சத்துக்குப் போகும் நேரம் பார்த்து அவள் குரல் ஸ்பீக்கரில் பட்டென்று அறுந்துவிடும். ஒரு கணம்தான். ஆனால் கேட்பவர்களுக்கு அந்த ஒரு கணம் போதும்.

அடுத்தடுத்த நிகழ்ச்சிகளில் இப்படியே ஆனதும், இசைக்குழுவை நடத்தும் மாஸ்டருக்குப் பொறுமை போய்விட்டது. "மைக்கைப் பிடிக்கத் தெரியாதவங்களுக்குத் தனிப்பாட்டு எதுக்கு?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். வரும் சனிக்கிழமை கல்லூரி விழாவில் அவளுடைய பாட்டை வேறொரு பெண் பாடுவாளாம். இவள் பின்னால் நின்று கோரஸ் பாடினால் போதுமாம்.

"நான் குழுவை விட்டே நின்னுடறேன்க்கா" என்றாள் தங்கை. "பாட்டே வேணாம்."

எனக்குக் கோபம் வந்தால் கை சும்மா இருக்காது. சிலர் பாத்திரத்தை உருட்டுவார்கள். நான் ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் அயர்னைச் சூடாக்குவேன். பகலில் கண்ணாடிக் கடையில் மூக்குக்கண்ணாடிக்குத் திருகாணி பூட்டுகிறேன். மிச்ச நேரத்தில் எலக்ட்ரானிக்ஸ் என் பைத்தியம். சாப்பாட்டு மேசையில் பாதி எனக்கு, பாதி சாப்பாட்டுக்கு என்பது எங்கள் வீட்டு ஒப்பந்தம். அந்த எல்லையை நான் தினமும் மீறுவேன்.

"அவ மைக்கை ஒழுங்காத்தான் பிடிக்கிறா" என்றேன். "ஒயர்ல கோளாறு."

"ஒயரெல்லாம் சவுண்ட் அண்ணன் மீட்டர் வச்சுப் பாத்துட்டார். எல்லாம் நல்லாத்தான் இருக்காம்" என்றாள் அவள்.

மீட்டர் என்ன செய்யும்? ஒயரின் இரண்டு முனையிலும் வைத்தால், தொடர்பு இருந்தால் பீப் என்று கத்தும். ஒயர் உள்ளே கண் சிமிட்டும் நேரத்துக்கு அறுந்து ஒட்டினால் அதற்குத் தெரியாது. அது பாட்டுக்குக் கத்திக்கொண்டே இருக்கும். ஆனால் ஒரு மைக்ரோகண்ட்ரோலருக்குத் தெரியும். விரல் நகம் அளவு சிப்தான். ஒரு நொடிக்குள் ஆயிரக்கணக்கான தடவை "இருக்கியா, இருக்கியா" என்று ஒயரைக் கேட்டுக்கொண்டே இருக்கச் சொல்லி அதற்கு நிரல் எழுதலாம். ஒரே ஒரு தடவை பதில் வராவிட்டாலும் சிவப்பு விளக்கைப் போட்டு, நாம் பொத்தானை அழுத்தும்வரை அணைக்காதே என்றும் சொல்லி வைக்கலாம். திருடன் ஓடிப்போன பிறகும் கைரேகை நிற்கிற மாதிரி.

இரண்டு முனையையும் சொருக இரண்டு சாக்கெட், ஒரு சிப், ஒரு பச்சை விளக்கு, ஒரு சிவப்பு விளக்கு. பெட்டிக்கு எங்கே போவது? கடையில் மூடி உடைந்த கண்ணாடிக் கூடு ஒன்று கிடந்தது. அதற்குள் எல்லாவற்றையும் அடக்கிவிட்டேன். நானே சொல்லக்கூடாது, பார்க்க அம்சமாக இருந்தது.

"இதுல என் கண்ணாடியை வைக்கலாமா?" என்றார் என் கணவர்.

"வச்சுப் பாருங்க, ஷாக் அடிக்கும்" என்றேன்.

அடிக்காது. நாலு பென்சில் பேட்டரிக்கு அவ்வளவு தைரியம் கிடையாது.

அடுத்த நாள் தங்கையைக் கூப்பிட்டு, புத்தம்புது ஒயர் ஒன்றைச் சொருகிக் காட்டினேன். பச்சை எரிந்தது. அவள் ஆசையாகப் பெட்டியைத் தொடக் கையை நீட்டினாள். சிவப்பு எரிந்தது. பொத்தானை அழுத்திப் பச்சைக்குக் கொண்டுவந்தேன். அவள் மறுபடி கையைக் கிட்டே கொண்டுபோனாள். மறுபடி சிவப்பு.

அவள் முகம் வாடிவிட்டது. "பாத்தியாக்கா? மாஸ்டர் சொன்னது சரிதான். என் கைதான் ராசியில்லாத கை."

"வாயை மூடு" என்றேன். என் கையை நீட்டினேன். சிவப்பு. கணவரை இழுத்து வந்து அவர் கையை நீட்டச் சொன்னேன். அதற்கும் சிவப்பு. அப்போதுதான் எனக்கு உறைத்தது. சிப்பின் உலோகக் கால்களில் ஒன்றை நான் எதிலும் கட்டாமல் விட்டிருந்தேன். நிரலோ அந்தக் காலையும் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தது. அப்படி அந்தரத்தில் விட்ட கால், பக்கத்தில் எந்தக் கை வந்தாலும் மிரண்டுபோய் வாய்க்கு வந்ததை உளறும். இந்தப் பொழுதுபோக்கில் இறங்கிய எல்லாரும் செய்கிற தப்பு. நான் அதைச் செய்ய மாட்டேன் என்று நினைத்திருந்தேன், அவ்வளவுதான்.

ஒரு சின்ன ரெசிஸ்டரை வைத்து அந்தக் காலைப் பேட்டரியின் மைனஸ் முனையோடு கட்டிப் போட்டேன். பிறகு தங்கை பெட்டியைத் தடவிக் கொடுத்தாள், தட்டினாள், மடியில் வைத்துக்கொண்டாள். பச்சை அசையவில்லை.

"உன் கைக்கு ஒரு கேடும் இல்ல" என்றேன். "நாளைக்கு ஒத்திகைக்கு நானும் வரேன்."

ஒத்திகை ஒரு மாடிக் கூடத்தில். கீழே டயர் கடை, மேலே இசை. மாஸ்டர் கீபோர்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். என் கண்ணாடிக் கூட்டைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"தாராளமா பாருங்கம்மா. எங்க சவுண்ட் அண்ணன் பாக்காததையா நீங்க பாக்கப்போறீங்க?"

சவுண்ட் அண்ணன் நல்ல மனிதர். ஒயர்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். கறுப்பு ஒயர் எல்லாம் பச்சை. கடைசியில் நீல ஒயர் ஒன்று தனிப் பையிலிருந்து வந்தது. அது மாஸ்டரின் செல்ல ஒயர். பொன்னிற முனை, நல்ல நீளம். குழுவில் தனிப்பாட்டு பாடுகிறவருக்கு மட்டும்தான் அதைக் கொடுப்பாராம். மற்றவர்கள் தொடக்கூடாது. சொருகினேன். அதற்கும் பச்சை.

கூடத்தில் யாரோ கனைத்தார்கள். "சரி, ஆரம்பிக்கலாமா?" என்றார் மாஸ்டர். தங்கை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு அவமானமாக இருந்தது. கிளம்பிவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

ஆனால் நீல ஒயர் அப்போது தரையில் செத்த பாம்பாகக் கிடந்தது. மேடையில் அது அப்படியா கிடக்கிறது?

"நீ பாடு" என்றேன் தங்கையிடம். "மைக்குக்குப் பதிலா இந்தப் பெட்டியைப் பிடிச்சுக்கோ. மேடையில எப்படி நிப்பியோ அப்படியே நில்லு."

கூச்சத்தோடு ஆரம்பித்தாள். இரண்டாவது அடியில் தன்னை மறந்தாள். மேலே ஏறும் இடத்தில், வழக்கம்போல, ஒயரை மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றி இழுத்துப் பிடித்தாள். சிவப்பு எரிந்தது. அணையாமல் நின்றது.

"அதான் சொன்னேனே" என்றார் மாஸ்டர். "இப்படிச் சுத்தி முறுக்கினா எந்த ஒயர்தான் தாங்கும்?"

ஒரு கறுப்பு ஒயரைச் சொருகிக் கொடுத்தேன். அதே பாட்டு, அதே சுற்று, அதே இழுப்பு. பச்சை. இன்னொரு கறுப்பு ஒயர். பச்சை. டிரம்ஸ்காரர் குச்சியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

"கொண்டாங்க இங்க" என்று மாஸ்டர் பெட்டியைக் கையில் வாங்கி நீல ஒயரை மறுபடி சொருகினார். "இது எவ்வளவு உசத்தியான ஒயர் தெரியுமா? இதைப் போய்..." அவருக்குக் கையை ஆட்டாமல் பேச வராது. ஆட்டிய ஆட்டத்தில் முனைக்குப் பக்கத்தில் ஒயர் மடங்கியது. சிவப்பு எரிந்தது. அவர் சுற்றவுமில்லை, முறுக்கவுமில்லை. பொத்தானை அழுத்திவிட்டு மெதுவாக ஆட்டினார். மறுபடி சிவப்பு.

மாஸ்டரின் முகத்தில் ஈயாடவில்லை. சவுண்ட் அண்ணன் பொன்னிற முனையைக் கழற்றிப் பார்த்தார். உள்ளே ஒரு கம்பி முழுவதும் அறுந்து, மேலே இருந்த ரப்பரின் தயவில் ஒட்டிக்கொண்டிருந்தது. முன்னால் தனிப்பாட்டு பாடியவர் மைக்கை ஸ்டாண்டிலிருந்து எடுக்கவே மாட்டாராம், அதனால் யாருக்கும் தெரியவில்லை. நல்ல ஒயர் என்று பொத்திப் பொத்தி வைத்து, என் தங்கை கையிலேயே தவறாமல் கொடுத்திருக்கிறார்கள்.

மாஸ்டர் நீல ஒயரைச் சுருட்டி ஓரமாக வைத்தார். பிறகு எழுந்து தங்கையிடம் வந்தார். "எல்லார் முன்னாடியும் உன்னைத் திட்டினேன். எல்லார் முன்னாடியும் சொல்றேன். தப்பு என்னோடதும்மா. சனிக்கிழமை நீதான் பாடற."

அவள் அழுதாள். நானும் அழுதேன். டயர் கடையின் காற்றடிக்கும் இயந்திரம் கீழே இரைந்துகொண்டிருந்ததால் யாருக்கும் அதிகம் கேட்கவில்லை.

சனிக்கிழமை கல்லூரி அரங்கில் நானும் கணவரும் முன்வரிசையில் இடம் பிடித்தோம். தங்கை கறுப்பு ஒயரோடு வந்து நின்றாள். முதல் அடிகளைக் கண்ணை மூடிக்கொண்டுதான் பாடினாள். பயம் அவ்வளவு சீக்கிரம் போகுமா? குரல் அறுந்துபோகும் அந்த இடம் நெருங்கியது. ஒயரை மணிக்கட்டில் சுற்றினாள். மேலே ஏறினாள். எனக்கு மூச்சு நின்றது.

குரல் நிற்கவில்லை. கண்ணைத் திறந்தாள். ஸ்பீக்கரில் தன் குரல் முழுசாக வருவதை அவளே கேட்டாள். அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. ஒத்திகையில் பாடாத இடத்துக்கெல்லாம் போனாள், அங்கிருந்து இன்னும் மேலே போனாள். மாணவர்கள் எழுந்து நின்று கத்தினார்கள். என் கணவர் விசில் அடித்தார். அவருக்கு விசில் அடிக்கத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

மாஸ்டர் கீபோர்டில் குனிந்து, அவள் போகிற வழியெல்லாம் விரலால் துரத்திக்கொண்டிருந்தார். ஒரு இடத்தில் எட்டிப் பிடிக்க முடியாமல் கையை எடுத்துவிட்டார். அவள் தனியாகவே பாடி முடித்தாள்.