ஆதிகேசவனின் எக்ஸ்ரே

“டிபின்னு எழுதாதீங்க டாக்டர்” என்று பிரபா இறப்புப் படிவத்தின் மேல் கையை வைத்தாள்.

காலை ஏழு மணி. பிரேசர் டவுனில் ஒரு சின்ன நர்சிங் ஹோம். அப்பா ஆதிகேசவன் இறந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. தங்கவயல் சுரங்கத்தில் முப்பது வருஷம் பாறை துளைத்தவர். பிரபா நார்வேயில் பேராசிரியர். கல்தூள் நுரையீரலை என்ன செய்கிறது என்பதுதான் அவள் பாடம். பெங்களூருக்கு வந்ததே இன்றைய கூட்டங்களுக்காகத்தான்.

டாக்டர் சுஹாஸ் பேனாவை மூடவில்லை. “மேடம், ஸ்கேன்ல தழும்பு இருக்கு, சரி. ஆனா உங்க ஃபைல்லயே எண்பத்தாறாம் வருஷத்து எக்ஸ்ரே இருக்கு. பதினாறு வருஷம் கீழ எறங்கின அப்புறமும் நெஞ்சு கிளீன். நான் எப்படி கல்தூள்னு எழுதறது? பாடிய அறுத்துப் பாத்தாத்தான் தெரியும்.”

“அறுக்கக் கூடாது” என்றாள் அம்மா மரகதம். அன்று காலை அவள் வாயைத் திறந்தது அதற்கு மட்டும்தான்.

“அப்ப நாலு மணிக்குள்ள வேற ஆதாரம் கொண்டாங்க.”

தங்கவயலில் அவர்கள் இருந்த வீட்டு வரிசையில், கல்தூளால் செத்தும் டிபி என்று எழுதிப் புதைக்கப்பட்டவர்கள் பதினொரு பேர். பன்னிரண்டாவதாக அப்பாவைச் சேர்க்க பிரபா விடமாட்டாள்.

வீட்டில் ஐஸ் பெட்டிக்கு வயர் இழுத்துக்கொண்டிருந்த தம்பி பிரசன்னா, அவள் உடை மாற்றிக் கிளம்புவதைப் பார்த்தான்.

“இன்னாக்கா, அப்பா பெட்டில கீறாரு, நீ ஓட்டல்ல துன்ன போறியா?”

“எக்ஸ்ரே படம் பாக்கத் தெரிஞ்சவங்க எல்லாம் இன்னிக்கு அங்கதான்டா துன்றாங்க. அஞ்சு மணிக்குத்தான எடுக்கறோம்? வந்துடுவேன்.”

எட்டரை மணிக் கூட்டம் ஓட்டல் மேசையில். நெஞ்சுநோய்ப் பேராசிரியர் சீனிவாசராகவன் பொங்கலை வழித்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். யாருடைய படம் என்று அவள் சொல்லவில்லை. அவர் பழைய படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

“ஸ்கேன் கல்தூளேதான், சந்தேகமே இல்லை. ஆனா இந்தப் படத்துல பாருங்கோ, வலது நாலாவது விலா நுனில கவட்டை மாதிரி ரெண்டா பிரியறது. பிறவிலயே வர்றது அது. ஸ்கேன்ல காணோமே! ரெண்டும் ஒரே ஆளா?”

பிரபா தட்டிலிருந்த இட்லியைத் தின்று முடித்தாள். நாள் முழுக்க நிற்க வேண்டும்.

பதினோரு மணிக் கூட்டத்தில் டீயும் சமோசாவும். பழைய சுரங்கத் தொழிலாளிகளின் நெஞ்சைச் சோதிக்கும் திட்டத்துக்கு விடாமல் வாதாடிக் கையெழுத்து வாங்கினாள். மதியம் அந்தத் திட்டத்தின் டைரக்டரோடு சாப்பாடு. ரசம் ஊற்றும்போது அம்மா போன் செய்தாள்.

“தங்கவயல்லருந்து மாரிகுப்பம் ரயில்ல ஓஸ்வால்ட் அண்ணன் வந்துக்கிறாரு. உங்கப்பா சேக்காளில அவரு ஒருத்தர்தான் மிச்சம்.”

பிரபா டைரக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கை கழுவினாள்.

ஐஸ் பெட்டியை ஒட்டி பிளாஸ்டிக் நாற்காலியில் ஓஸ்வால்ட் உட்கார்ந்திருந்தார். பிரபா படத்தை அவர் முன் நீட்டினாள்.

“மாமா, இது யாரு நெஞ்சு?”

அவர் படத்தைப் பார்க்கவில்லை. பெட்டியைப் பார்த்தார்.

“என்னுது.”

“எப்படி?”

“படத்துல தூசி தெரிஞ்சா சுரங்கத்துலருந்து மேல் வேலைக்கு ஏத்திடுவாங்க பாப்பா. மேல கூலி பாதி. நான் ஒர்க்ஷாப்புல இருந்தவன், எனக்கு ஏது தூசி? அவன் சட்டயப் போட்டுக்கினு போய் நின்னேன். மூணு வாட்டி.” பெட்டியின் மேல் கையை வைத்தார். “மொத வாட்டி, உன்ன கான்வென்ட்ல சேத்த வருசம்.”

“யோவ்! கீழயே வுட்டு சாவடிச்சிட்டியேய்யா!” பிரசன்னா பாய்ந்தான்.

“சும்மா இர்றா” என்றாள் மரகதம். “அந்தச் சட்டயத் தொவச்சிக் குடுத்தவ நான்.”

பிரபா அம்மாவைப் பார்த்தாள்; பிறகு மணியைப் பார்த்தாள். மூன்றேகால்.

“மாமா, இத டாக்டர்கிட்ட நீங்க சொல்லணும். உங்கள இப்ப ஒரு படம் எடுக்கணும், அந்தக் கவட்டை விலா அதுல தெரியும்.”

“ஜெயில்ல போடுவாங்களா?”

“தெரியல மாமா.”

“போட்டா போடட்டும். மருமக சோத்த விட அது நல்லாருக்கும்.” முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருந்தது. டாக்டரிடம் நடந்ததைச் சொன்னார்கள். சுஹாஸ் படிவத்தைத் திருப்பி வைத்துவிட்டு, எக்ஸ்ரே அறையைக் காட்டினார்.

“பேரு?” என்று உள்ளே கேட்டான் டெக்னீஷியன்.

“ஓஸ்வால்ட்.”

“சட்டையக் கழட்டுங்க தாத்தா. நெஞ்ச பலகைல ஒட்டி நில்லுங்க. கைய இடுப்புல...” சொல்லி முடிப்பதற்குள் ஓஸ்வால்ட் அப்படியே நின்றார். “அட, பழக்கமா? மூச்ச இழுத்துப் பிடிங்க.”

எந்திரம் ஒருமுறை உறுமி அடங்கியது.

“ஆச்சு, விடுங்க.”

கதவுக் கண்ணாடி வழியாக பிரபா பார்த்தாள். தாடையைத் தூக்கி, கண்ணை இறுக மூடி, ஓஸ்வால்ட் நின்றுகொண்டிருந்தார்.

“தாத்தா, முடிஞ்சுபோச்சு. மூச்ச விடுங்க.”