அறுபத்து மூன்றாவது சதவீதம்

பன்னிரண்டே முக்காலுக்கு மடிக்கணினி மறுபடியும் அணைந்துபோனது. அறுபத்து மூன்று சதவீதம். நேற்றிரவிலிருந்து இது மூன்றாவது முறை. ஒவ்வொரு முறையும் அறுபதைத் தாண்டியதும் விசிறியின் சத்தம் ஏறிக்கொண்டே போகும், விசைப்பலகையின் மேல்வரிசை விரல் வைக்க முடியாதபடி சுடும், பிறகு எந்த எச்சரிக்கையும் இல்லாமல் திரை கறுத்துவிடும். அந்தக் கறுப்பில் புனிதாவுக்குத் தன் முகம் தெரிந்தது. அதைப் பார்க்கப் பிடிக்காமல் மூடியைச் சாத்தினாள்.

அவள் இயந்திரப் பொறியியல் இரண்டாம் ஆண்டு. அறையைக் குளிரூட்டும் ஏர்கோனின் வெளிப்பெட்டியைச் சுவரில் தாங்கிப் பிடிக்கும் இரும்புத் தாங்கி எந்த இடத்தில் முதலில் விரிசல் விடும் என்று கண்டுபிடிப்பதுதான் இந்தப் பருவத்தின் கடைசி வேலை. கேட்கச் சுலபமாக இருக்கும். ஆனால் முழுத் தாங்கியையும் ஒரே பொருளாக வைத்துக்கொண்டு கணக்குப் போட முடியாது. மென்பொருள் அதை இரண்டு லட்சம் சிறு துண்டுகளாக வெட்டும். ஒவ்வொரு துண்டும் தன் பக்கத்துத் துண்டை எவ்வளவு இழுக்கிறது, எவ்வளவு தள்ளுகிறது என்று எல்லாவற்றையும் சேர்த்து விடை காணும். இரண்டு லட்சம் பேர் ஒரே சமயத்தில் கைகோத்து நின்று, அவரவர் கையில் உணரும் இழுப்பைச் சொல்வது போல. அதற்கு நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வளாகத்துக் கணினிக்கூடத்தில் இடம் கிடைக்கவில்லை. இன்றிரவு பன்னிரண்டுக்குள் அனுப்பாவிட்டால் பாடம் போய்விடும். அடுத்த வருடம்தான் திரும்ப எடுக்க முடியும்.

இப்படியெல்லாம் ஆகும் என்று அவள் ஏழு மாதத்துக்கு முன்பே சொல்லியிருந்தாள். ஈப்போவில் அந்தக் கடைக்குப் போனபோது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தாள். படத்துக்கென்று தனிச் சில்லு வேண்டும், நினைவகம் பதினாறு ஜிகாபைட் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக உடம்பு தடிமனாக இருக்க வேண்டும். மெல்லிய கணினியிலும் அதே சில்லு இருக்கலாம். ஆனால் சூட்டை வெளியே தள்ள அதில் இடமிருக்காது. ஒரு பெரிய அடுப்பைச் சன்னல் இல்லாத அறைக்குள் வைத்தால் என்ன ஆகுமோ அதுதான். இதை அண்ணன் தர்மேந்திரனிடம் வேனில் போகும் வழியெல்லாம் பொறுமையாக விளக்கிக்கொண்டு வந்தாள். அவன் தலையாட்டிக்கொண்டே வந்தான். கடைக்குள் நுழைந்ததும் அங்கே விற்கும் சீனப் பையனிடம் மலாயில், தங்கச்சிக்கு, லேசாக இருக்கட்டும் என்றான்.

அவள் தாளை நீட்டினாள். பையன் தாளைப் பார்த்தான், பிறகு பர்ஸ் யார் கையில் இருக்கிறது என்று பார்த்தான். "தூக்கிட்டுப் போறது யாரு? நீதானலா," என்றான் தர்மேந்திரன். "நீ என்னா பாடி பில்டரா?" பையன் சிரித்தான். வெள்ளி நிறத்தில், விரல் தடிமன்கூட இல்லாத ஒன்று பைக்குள் போனது. அன்றைக்கே வேனில் உட்கார்ந்து அதற்கு ஒரு கடவுச்சொல்லும் போட்டான். கண்டதையும் எறக்குவ என்று காரணம் சொன்னான். அன்றிலிருந்து புதிதாக எதை ஏற்ற வேண்டுமானாலும் அவன் வந்து, அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தட்டித்தர வேண்டும். அப்பா இறந்த பிறகு வீட்டு மின்சாரத்திலிருந்து குளிர்பெட்டி வரை எல்லா ரசீதும் அவன் பெயரில்தான். இதுவும் அப்படியே ஆயிற்று.

அவளும் சும்மா இருக்கவில்லை. தெலுக் இந்தானில் சித்தி மகள் கல்யாணத்தில், பந்தியில் எல்லாரும் உட்கார்ந்திருந்தபோது, படிப்பு எப்படிப் போகிறது என்று யாரோ கேட்டார்கள். "அண்ணே வாங்கிக் குடுத்தது கணினி இல்ல, தோசைக்கல்லு. முட்டை ஊத்தினா வெந்துரும்," என்றாள். இலை வரிசை முழுக்கச் சிரித்தது. தர்மேந்திரன் சாப்பாட்டில் கை வைக்காமல் எழுந்து வேனுக்குப் போய்விட்டான். அதற்குப் பிறகு அவன் அவளோடு பேசிய வார்த்தைகளை எண்ணிவிடலாம்.

அன்று வெள்ளிக்கிழமை. தொழுகைக்காக அரசாங்க அலுவலகங்களில் மதிய இடைவேளை நீளம். அங்கே ஏர்கோன் கழுவும் வேலையை நிறுத்திவிட்டு ஒரு மணிக்கு அவன் வீட்டுக்கு வந்தான். அம்மா காலையில் கையுறைத் தொழிற்சாலைக்குப் போகும் முன் வைத்துவிட்டுப் போன சாம்பாரைச் சோற்றில் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தான். அவள் எதிரில் போய் நின்றாள்.

"பாஸ்வேர்டு போட்டுக் குடு. சூட்டக் கொறைக்க ஒரு சின்ன புரோகிராம் ஏத்தணும்."

"தோசைக்கல்லுக்கு எதுக்கு பாஸ்வேர்டு?"

இன்றிரவு கெடு என்று சொன்னாள். அவன் அப்பளத்தை நொறுக்கினான்.

"அப்ப சொல்லு."

"என்னா சொல்ல?"

"நல்ல மெஷினுன்னு சொல்லு. எங்கிட்ட இல்ல. சாயந்தரம் அம்மா வரட்டும், அம்மா முன்னால சொல்லு. தெலுக் இந்தான்ல சொன்ன அதே வாயால."

"பொய் சொல்ல மாட்டேன்."

"அப்ப விசிறிமட்டைய வச்சு வீசிக்கிட்டு உக்காரு, பாப்பா."

பாப்பா என்று அவன் கூப்பிட்ட விதத்தில் அந்தச் சொல்லின் குழந்தைத்தனம் எல்லாம் போய், ஏதோ வசவு போல இருந்தது. கை கழுவிவிட்டு அறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டான்.

அவன் குறட்டை கேட்கும்வரை காத்திருந்தாள். பிறகு வேனிலிருந்து அவனுடைய கருவிப்பெட்டியைத் தூக்கி வந்து, மடிக்கணினியைக் கவிழ்த்துப் போட்டாள். பத்துத் திருகுகள். ஒன்றின் தலையில் சின்ன ஸ்டிக்கர். அதைக் கிழித்தால் உத்தரவாதம் இல்லையென்று கடைக்காரன் கையை விரித்துவிடுவான். கிழித்தாள். விளிம்பில் பழைய பஸ் அட்டையை நுழைத்து ஓட்டியபோது அடித்தட்டு டக் டக்கென்று விட்டுக்கொண்டு வந்தது.

கோபத்தோடுதான் திறந்தாள். ஆனால் உள்ளே பார்த்ததும் ஒரு கணம் கோபம் மறந்துபோனது. சில்லின் மேலிருந்து ஒரு செப்புக் குழாய் வளைந்து விளிம்புக்குப் போனது. அந்தக் குழாய்க்குள் சில துளி நீர்தான் இருக்கும். சில்லின் சூட்டில் அது ஆவியாகி மறுமுனைக்கு ஓடும். அங்கே காகிதம் போல மெல்லிய உலோகத் தகடுகள் நெருக்கமாக நிற்கும். ஆவி அங்கே தன் சூட்டைக் கொடுத்துவிட்டு மறுபடி நீராகி, குழாயின் உட்சுவர் வழியாகவே கசிந்து திரும்பும். விசிறி அடியிலிருந்து காற்றை இழுத்து அந்தத் தகடுகளுக்கு இடையே ஊதும். யாரும் தொடாமலே ஒரு நிமிடத்தில் எத்தனையோ முறை நடக்கிற வேலை அது. அண்ணன் தினமும் ஏணியேறிக் கழுவுகிற பெட்டிக்குள் நடப்பதும் கிட்டத்தட்ட இதேதான்.

விசிறியின் இரண்டு திருகுகளைக் கழற்றித் தூக்கினாள். விசிறிக்கும் தகடுகளுக்கும் நடுவே ஒரு சாம்பல் நிறப் போர்வை ஒட்டிக்கொண்டிருந்தது. பஞ்சு போலத்தான் இருந்தது. ஆனால் நகத்தால் நெம்பியபோது பிசுபிசுவென்று மொத்தமாக உரிந்து வந்தது. தகடுகளில் முக்கால்வாசி அதனால் அடைபட்டிருந்தன. காற்று போக வழியே இல்லை. வெறும் தூசி இப்படி ஒட்டாதே என்று நினைத்து மூக்கருகே கொண்டுபோனாள்.

சாம்பிராணி.

மெல்ல நிமிர்ந்து பார்த்தாள். நேர் மேலே சாமி மேடை. கூடத்தில் இருக்கிற ஒரே பிளக் அதற்குக் கீழேதான். அதனால் ஏழு மாதமாக இந்த மேசைதான் அவளுக்குப் படிக்கும் இடம். வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மா தணலில் சாம்பிராணி போட்டு வீடெல்லாம் காட்டுவாள். கேஸ் அடுப்பு, குளிர்பெட்டி, அண்ணனின் கருவிப்பெட்டி, கடைசியில் மடிக்கணினி. அதற்கு மட்டும் மூன்று சுற்று. விசைப்பலகையின் ஓரத்தில் ஒரு சிட்டிகை விபூதியும் வைப்பாள். படிப்பு இதுக்குள்ளதானே இருக்கு என்பாள். சாம்பிராணி மரத்துப் பிசின். அதன் புகை உலோகத்தில் பட்டால் பசையாகப் படியும். அந்தப் பசையில் விபூதித் தூள் ஒட்டும், அதன்மேல் தூசி, அடுத்த வெள்ளி மறுபடி பசை. முப்பது வெள்ளிக்கிழமைகள். இயந்திரம் அதன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. கிடைத்த காற்றை இழுத்திருக்கிறது, அவ்வளவுதான்.

"என் பெட்டிய யாரு தொடச் சொன்னா?"

தர்மேந்திரன் பின்னால் நின்றான். அவள் விரலில் இருந்ததைப் பிடுங்கித் தேய்த்துப் பார்த்தான், மோந்தான், மேலே சாமி மேடையைப் பார்த்தான். அவனுக்கு ஒரு பார்வை போதும். அடைத்துப்போன தகடுகளைப் பார்ப்பதுதான் அவன் பிழைப்பே. அவன் உதட்டில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது. ஏழு மாதமாக எதற்கோ காத்திருந்தவனின் சிரிப்பு.

"மெஷின்ல ஒன்னும் ரொசாக் இல்லையே, எதுவும் கெட்டுப் போகலையே," என்றான். "இப்ப அம்மாகிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டா?"

அம்மாவின் முகம் எப்படிப் போகும் என்று அவளுக்குத் தெரியும். சத்தம் போடமாட்டாள். தணல் தட்டை எங்கேயாவது உள்ளே எடுத்து வைத்துவிட்டு, இனிமேல் இந்த மேசைப் பக்கமே வரமாட்டாள்.

"அம்மாகிட்ட சொல்லாத."

"அப்ப மதியம் நான் சொன்னத நீ சொல்லு."

திரும்பிப் போனவன் வாசலில் நின்றான். "பிரஷ்ஷக் குறுக்க இழுக்காத. தகடு மடங்கிரும். நீளவாக்குல இழு," என்று எரிச்சலோடு சொல்லிவிட்டுப் போனான்.

நீளவாக்கில் இழுத்தாள். எல்லாவற்றையும் திரும்பப் பூட்டி, இரண்டரைக்குக் கணக்கை முதலிலிருந்து தொடங்கினாள். அறுபதில் விசிறி சத்தம் ஏறவில்லை. அறுபத்து மூன்று. அறுபத்து நான்கு. இயந்திரம் அதைக் கவனிக்காமலே தாண்டிப் போனது. அவளுக்கு அழுகை வந்தது, சந்தோஷத்தில் இல்லை. தடிமனான இயந்திரமாக இருந்தால் தகடுகள் அகலமாக இருந்திருக்கும், அடைபட இரண்டு வருடம் ஆகியிருக்கும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். கணக்கு சரிதான். ஆனால் அதை யாரிடமும் சொல்லி ஜெயிக்க முடியாது.

ஐந்தே முக்காலுக்கு அம்மா தொழிற்சாலை பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாள். பையை வைப்பதற்குள் தர்மேந்திரன் கூப்பிட்டான். "அம்மா, இங்க வா. பாப்பா என்னமோ சொல்லணுமாம்."

புனிதா திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "மெஷின் நல்ல மெஷின்தான்."

"எது மெஷினு?"

"அண்ணே வாங்கிக் குடுத்தது."

"அதான் நான் அப்பவே சொன்னேன்," என்றாள் அம்மா. "நம்ம வீட்டுக்கு வந்த நேரம் அப்படி." உள்ளே போய்க் குளித்தாள். தர்மேந்திரன் புனிதாவைப் பார்த்தான். அவள் பார்க்கவில்லை. அவன் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனாலும் கடவுச்சொல்லை அவன் எடுக்கவும் இல்லை, சொல்லவும் இல்லை.

ஆறே முக்காலுக்குத் தொண்ணூற்றொன்று. வாசலுக்கு வெளியே செம்பனை மர வரிசைகள் கறுக்கத் தொடங்கியிருந்தன. தர்மேந்திரன் எங்கோ கிளம்ப, தலையில் ஹெல்மெட்டோடு காலில் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தான். அம்மா ஈரத்தலையில் துண்டோடு தணல் தட்டை ஏந்தி வந்தாள். அடுப்பு, குளிர்பெட்டி, கருவிப்பெட்டி. இன்று வழக்கத்தைவிட ஒரு கை அதிகமாகப் போட்டிருந்தாள். வெள்ளைப் புகை திரளாக எழுந்து மேசையை நோக்கி வந்தது.

புனிதா மடிக்கணினியின் பின்பக்கம் கையை வைத்தாள். சூடான காற்று உள்ளங்கையில் சீராக அடித்தது. சொல்லிவிடலாம். ஒரு வாக்கியம் போதும். முதல் சுற்று. புகையின் ஓரம் மேசையைத் தொட்டு, கீழே வளைந்து, இயந்திரத்துக்கு அடியில் நூல் போல நுழைந்தது.

தர்மேந்திரன் எழுந்து வந்து சுவரிலிருந்த விசிறிப் பொத்தானைக் கடைசி எண்வரைக்கும் திருகினான். கூரை விசிறி ஆடிக்கொண்டு சுழன்றது. புகை கலைந்து கூடம் முழுக்கச் சிதறியது. தட்டிலிருந்து ஒரு தணல்பொறி பறந்து தரையில் விழுந்தது.

"நெருப்பு பறக்குதுடா, கண்ணு தெரியலயா ஒனக்கு?"

"வேர்க்குது," என்றான். ஹெல்மெட்டின் கண்ணாடியை இறக்கிக்கொண்டான். புனிதாவின் பக்கம் திரும்பாமலே, "என் பேர்ல இருக்குற மெஷினு," என்று கண்ணாடிக்குள்ளிருந்து சொல்லிவிட்டு வெளியே போனான். மோட்டார் உறுமுவது கேட்டது.

அம்மா முணுமுணுத்துக்கொண்டு பொறியைக் காலால் தேய்த்தாள். பிறகு புகை நிற்காத அந்தக் காற்றிலேயே, தட்டின் மேல் ஒரு கையைக் குடையாகப் பிடித்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து இரண்டாவது சுற்றைத் தொடங்கினாள். கையிடுக்கில் தப்பிய ஒரே ஒரு இழை மேசையை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. தொண்ணூற்று இரண்டு.