அஸ்மத்துன்னிசா வாங்கிய பதில்

யுத்தம் தொடங்கிய வருஷத்தில் பனகல் பூங்காவுக்குப் பின்தெருவில் இருந்த குலாம் ரசூலின் மெத்தைக் கடை எரிந்து போயிற்று. பக்கத்து மிட்டாய்க்கடை அடுப்பிலிருந்து பொறி பறந்து பஞ்சில் விழுந்திருக்க வேண்டும். கடைக்கு இன்ஷூரன்ஸ் இருந்தது. அதனால் குலாம் ரசூல் அழவில்லை. அவர் மனைவி அஸ்மத்துன்னிசாவும் மனசைத் தேற்றிக்கொண்டாள்.

சேதத்தை மதிப்பிட வந்தவர் மயிலாப்பூர் வேதாந்தம். கம்பெனிக்குப் பாலிசி பிடித்துக் கொடுக்கும் லைசென்ஸும் அவரிடம் இருந்தது. கைத்தடியால் சாம்பலைக் கிளறிப் பார்த்தவர் குலாம் ரசூலைத் தனியே கூப்பிட்டார். நஷ்டத்தை இரண்டு மடங்காக எழுதுகிறேன், வருவதில் எனக்குப் பாதி என்றார். எரிந்தது எவ்வளவோ அவ்வளவு போதும் சாமி என்று குலாம் ரசூல் சொல்லிவிட்டார். வேதாந்தம் கோபித்துக்கொள்ளவில்லை. தலையாட்டிவிட்டு ஜட்கா ஏறிப் போனார்.

சாம்பலில் மண்ணெண்ணெய் வாடை அடித்தது, கடைக்காரனே கொளுத்தியிருக்கிறான் என்று கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தார். நஷ்டஈடு நின்றது. போலீஸ்காரர்கள் வந்து குலாம் ரசூலைக் கடைத்தெரு வழியாகவே நடத்திக் கூட்டிப் போனார்கள். சாட்சி இல்லையென்று பிறகு விட்டுவிட்டார்கள். ஆனால் 'கொளுத்தின பாய்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. மகள் ஜமீலுன்னிசாவுக்குப் பேசியிருந்த இடம் வேண்டாம் என்று சொல்லி அனுப்பியது.

ஈக்காட்டுத்தாங்கலுக்குக் குடிபோனார்கள். அங்கே வேறொருவர் கொட்டகையில் குலாம் ரசூல் கூலிக்குப் பஞ்சு கொட்டினார். அல்லா பார்த்துக்கொள்வான் என்பார். அவன் பார்க்கிற நேரத்தில் நானும் கொஞ்சம் பார்க்கிறேன் என்பாள் அஸ்மத்.

மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் வீடு வீடாகப் போய் மெத்தை தைத்தாள். கை தைத்தது, காது கேட்டுக்கொண்டிருந்தது. மயிலாப்பூரில் குடைக்கடை வைத்திருந்த அக்பர் பாஷாவுக்கும் தீ விபத்து, அவருக்கு மட்டும் நஷ்டஈடு சுளையாக வந்தது என்று தெரிந்தது. வேதாந்தத்துக்குப் பங்கு போன கதையை அக்பர் பாஷாவின் சம்சாரமே பெருமையாகச் சொன்னாள். அஸ்மத் அதை யாரிடமும் சொல்லவில்லை. மனசில் போட்டு வைத்துக்கொண்டாள்.

அடையாற்றில் அவள் தைக்கப் போன வீட்டில் ஸ்ரீரங்கன் என்று ஒரு வக்கீல். புது இன்ஷூரன்ஸ் சட்டப்படி, புகார் வந்த கம்பெனிகளைச் சர்க்கார் விசாரிக்கலாம் என்றும், வேதாந்தத்தின் கம்பெனியை விசாரிக்க ஓர் அதிகாரி பட்டணம் வரப்போகிறார் என்றும் அவர்தான் ஒருநாள் சொன்னார். அஸ்மத் ஊசியைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் கேட்டாள். உன் வார்த்தை மட்டும் நிற்காது, பங்கு கொடுத்தவன் ஒருவனே வாய் திறக்க வேண்டும் என்றார் வக்கீல்.

நேரே குடைக்கடைக்குப் போனாள். அக்பர் பாஷா மாட்டவே மாட்டேன் என்றார், பிள்ளைகுட்டிக்காரன் என்றார், அழக்கூடச் செய்தார்.

"நீங்க சொல்லலைன்னா நான் சொல்லுவேன் பாய்," என்றாள் அஸ்மத். "அப்போ உங்க பேரு முன்னாடி வரும். அந்த ஆளு பேரு பின்னாடிதான் வரும்."

அக்பர் பாஷா ஒத்துக்கொண்டார்.

சேதி எப்படியோ வேதாந்தத்தின் காதுக்குப் போய்விட்டது. ஒரு காலையில் ஈக்காட்டுத்தாங்கல் சந்தில் ஜட்கா வந்து நின்றது. அவர் இறங்கி வாசலில் நின்றார். உள்ளே வா என்று அஸ்மத் சொல்லவில்லை. வேலைக்குக் கிளம்ப எடுத்த பஞ்சு கொட்டும் வில்லைக் கீழே வைத்துவிட்டுக் குலாம் ரசூல் உள்ளே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"எம் பொண்ணுக்குத் தை மாசம் முகூர்த்தம் வச்சிருக்கும்மா," என்றார் வேதாந்தம். "இது வெளில வந்தா நின்னுடும். ஆத்துல எல்லாரும் சாப்பிடாம உக்காந்துண்டிருக்கா. நான் என்ன பண்ணணும்னு சொல்லு, பண்றேன்."

"எங்க வூட்டுக்காரரை எந்தத் தெருவுல நடத்திக்கினு போனாங்களோ, அதே தெருவுல நின்னு உண்மையைச் சொல்லுங்க சாமி."

"சொன்னா நீ அந்த அதிகாரிகிட்டப் போகமாட்டியே?"

"மொதல்ல சொல்லுங்க."

அதை அவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். அவள் திருத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கடைத்தெருவில் ஜனம் நிறைந்திருந்த நேரம் வேதாந்தம் மிட்டாய்க்கடை எதிரே நின்றார். அஸ்மத் புருஷனையும் கூட்டிக்கொண்டு வந்து கூட்டத்தின் பின்னால் நின்றாள். முதலில் குரலே எழவில்லை. இன்னும் பலமா சொல்லுங்க சாமி, பின்னாடி கேக்கலை என்றாள் அஸ்மத். குலாம் ரசூல் நெருப்பு வைக்கவில்லை, நான் எழுதிக் கொடுத்தது பொய் என்று அவர் உரக்கச் சொன்னார். பழைய வாடிக்கைக்காரர் ஒருவர் வந்து குலாம் ரசூலின் கையைப் பிடித்துக்கொண்டார். குலாம் ரசூல் குழந்தை மாதிரி தேம்பினார்.

வீட்டுக்கு வந்ததும், போதும் விட்டுடு அஸ்மத், அந்தாள் முகத்தைப் பார்த்தியா என்று கேட்டார்.

"நம்ம ஜமீலாவை வேணாம்னாங்களே, அன்னிக்கு அவ முகத்தை அவரு பாத்தாரா?"

"வாக்கு குடுத்துட்டு..."

"நான் இன்னா வாக்கு குடுத்தேன்? யோசிச்சுப் பாருங்க."

அவர் யோசித்தார். பிறகு அவளை ஒரு மாதிரி பார்த்தார். அதற்கு முன் அப்படி அவர் அவளைப் பார்த்ததேயில்லை.

விசாரணைக்கு அக்பர் பாஷாவை அவளே கூட்டிப்போனாள், கூடவே மிட்டாய்க்கடைக்காரரையும். பங்கு கொடுத்ததை அக்பர் பாஷா சொன்னார். வேதாந்தம் தன் வாயாலேயே பொய் என்று ஒப்புக்கொண்டதை நானும் தெருவும் கேட்டோம் என்றார் மிட்டாய்க்கடைக்காரர். பெஞ்சில் உட்கார்ந்திருந்த வேதாந்தம் மெதுவாகத் தலையைத் திருப்பி அஸ்மத்தைப் பார்த்தார். தன்னை ஏன் அந்தத் தெருவுக்குக் கூப்பிட்டாள் என்று அவருக்கு அப்போதுதான் புரிந்தது. அவள் முக்காட்டை விலக்கிக்கொண்டு, அவர் கண்ணைத் தாழ்த்துகிறவரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

வேதாந்தத்துக்கு லைசென்ஸ் போயிற்று, கம்பெனியும் கைகழுவியது. பையன் வீட்டார் தாம்பூலத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று மயிலாப்பூரில் தைக்கப் போன இடத்தில் சொன்னார்கள். அஸ்மத் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, அப்படியா என்றாள். அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பும்போது கறி வாங்கிக்கொண்டு போனாள்.

நஷ்டஈடு வந்து, அதே தெருவில் மறுபடி கடை திறந்தார்கள். ஜமீலாவுக்கு ஆதம்பாக்கத்தில் நல்ல இடம் அமைந்தது. குலாம் ரசூல் மட்டும் அஸ்மத்திடம் அளந்துதான் பேசினார். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, மனசு ஆறிப்போச்சா என்று கேட்டார்.

"ஆறிடுச்சு," என்றாள் அஸ்மத். அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். அவர் அதையும் சாப்பிட்டு எழுந்தார்.