காதுவழி வந்த வெளிச்சம்

தன் இரண்டு காதுகளிலிருந்தும் வெளிச்சம் பாய்ந்ததாகவும், அந்த வெளிச்சத்தில் ஊசியில் நூலே கோத்திருக்கலாம் என்றும் ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக் குடியிருப்போர் கூட்டத்தில் எழுந்து அறிவித்தார். கூட்டம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. சங்கச் செயலாளர் மட்டும் சிரிக்காமல் மின்விசிறியைப் பார்த்தார். அவர் மெக்கானிக்கின் மனைவிக்குத் தம்பி. மாமா வாயைத் திறந்தால் பாதியைக் கழித்துவிட்டுத்தான் கேட்பார், மீதியையும் நம்பமாட்டார்.

எல்லாம் லிஃப்டின் மோட்டார் அறைச் சாவியால் வந்தது. முப்பது வருடமாக அது மெக்கானிக்கின் இடுப்பில் தொங்கியது. அதுவும் போய்விட்டால், தான் வெறும் மூன்றாம் மாடிக் கிழவன் என்பது அவருக்குத் தெரியும்.

"கண்ணு மங்கிப்போச்சு மாமா. சாயங்காலம் கூட்டத்துல சாவியைக் குடுத்துடுங்க" என்று மைத்துனர் காலையிலேயே சொல்லிவிட்டார். கோளாறு கண்ணில் இல்லை, டார்ச்சில்தான் என்று சாதித்து, மெக்கானிக் அவரையும் கடைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

தினமும் சட்டைப்பையில் கிடக்கும்படி குட்டியாக ஓர் எல்.இ.டி. டார்ச் வேண்டும். எத்தனை தூரம் அடிக்கும், எத்தனை மணி நேரம் சார்ஜ் நிற்கும் என்று கடைக்காரர் அளந்துகொண்டிருக்க, மெக்கானிக் ஒவ்வொன்றாக எடுத்துக் கடித்தார். லிஃப்ட் வேலையில் இரண்டு கைக்கும் வேலை இருக்கும். டார்ச்சைப் பல்தான் பிடிக்க வேண்டும். வால்பக்கத்துப் பொத்தானை நாக்கு அமுக்க வேண்டும். ஒன்று கனத்தில் தாடையை இறக்கியது. ஒன்று பல்செட்டோடு கழன்று வந்தது. ஒன்றுக்குப் பொத்தான் பக்கவாட்டில்; நாக்கு அந்த அளவுக்கு வளையவில்லை.

"ஐயா, கடிச்சுப் பாத்து வாங்க இது என்ன வெள்ளரிக்காயா?" என்றார் கடைக்காரர். மைத்துனர் தனக்கும் இவருக்கும் சம்பந்தமே இல்லாததுபோல் ஒரு பேட்டரி அட்டையைப் படித்துக்கொண்டிருந்தார்.

பதினேழாவது டார்ச் வாயில் கச்சிதமாக உட்கார்ந்தது. இரு முனையும் ஒரே தடிமன், உடம்பெல்லாம் வரிவரியாக.

வீடு திரும்பும்போது, இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் மின்சாரம் போய் லிஃப்ட் நின்றது. உள்ளே கும்மிருட்டு. கதவின் இடது ஓரம் ஒரு கொக்கி, வலது ஓரம் ஒரு கொக்கி. இரண்டையும் ஒரே சமயத்தில் தள்ளினால்தான் கதவு விடும். மெக்கானிக் டார்ச்சைக் கவ்விக்கொண்டு கைகளை விரித்தார். நாக்கு பொத்தானைத் தேடியது. வழவழவென்று கண்ணாடிதான் தட்டுப்பட்டது. அவசரத்தில் தலைகீழாகக் கவ்வியிருந்தார். துப்பலாம் என்றால், வரிகளில் பல்செட் பூட்டிக்கொண்டது.

"உம், உம்" என்றார். வேர்த்து வழிந்த மைத்துனர் இருட்டில் தடவி, வெளியே நீட்டிக்கொண்டிருந்த வாலை அமுக்கினார்.

மெக்கானிக்கின் கன்னங்கள் இரண்டும் தக்காளியாகப் பழுத்தன. மூக்குத் துவாரங்கள் கார் விளக்குபோல் எரிந்தன. பிறகு காது. இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக இரண்டு வெள்ளைக் கோடுகள் பாய்ந்து, நேராகப் போய் இரண்டு கொக்கிகளிலும் விழுந்தன. கையில் பிடித்த எந்த டார்ச்சும் ஒரே நேரத்தில் இரண்டு பக்கம் காட்டியதில்லை. கதவு திறந்தது.

கூட்டம் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது. மெக்கானிக் இடுப்புச் சாவியை இறுகப் பிடித்தபடி மைத்துனரையே பார்த்தார். செயலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு, சாவிக்காக நீட்டியிருந்த கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார்.

"சாவி மாமாகிட்டயே இருக்கட்டும். காதுலேருந்து வந்தது நிஜம்தான், சுவிட்சைப் போட்டதே நான்" என்றார். "இடது காதுதான் கொஞ்சம் மங்கல்."